மடக்கெழுத்தாணி முதல் சட்டைப்பைக் கத்தி வரை

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத் தக்க ஒரு சிறு கத்தியை, கைக்கு எட்டும் விலையில், எப்படித் தெரிந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். காவியமோ கவிதையோ கேட்கலாம் என்று வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்தவர்கள் இதைக் கேட்டு முகஞ்சுளிக்கக் கூடும். இலக்கியத் தொடரில் கத்திக்கு என்ன வேலை என்பது நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லிவிட்டே கடைத்தெருவுக்குப் போவோம்.

டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940ஆம் ஆண்டு தொடங்கி ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. அதிலே அவர் தம் இளமைக்காலக் கல்விமுறையைச் சொல்லுமிடத்தில் எழுத்தாணி வகைகளையும் விவரிக்கிறார். கொண்டை கனத்துக் குட்டையாக இருப்பது குண்டெழுத்தாணி. ஓலையை வாரி அளவாக்குவதற்கென்று தலைப்பக்கத்திற் கத்தி அமைந்தது வாரெழுத்தாணி. மூன்றாவது வகைதான் நமக்கு வேண்டியது. அதன் பெயர் மடக்கெழுத்தாணி. ஒரு பக்கம் கத்தி, மறுபக்கம் எழுத்தாணி, இரண்டும் மடங்கி ஒரே கைப்பிடிக்குள் அடங்கிவிடும். அந்தக் கைப்பிடியை மரத்திலோ கொம்பிலோ தந்தத்திலோ செய்வார்கள்.

இதை வகுப்பிலே மாணவர்களுக்குச் சொன்னபோது ஒரு பையன், "சேர், அப்ப அது சுவிஸ் கத்தி மாதிரி!" என்றான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவன் சொன்னதில் ஓர் எழுத்தும் பிழையில்லை. பல கருவிகளை ஒரு பிடிக்குள் மடக்கி மடியிலே செருகிக்கொண்டு போகும் பழக்கம் நமக்கு மேல்நாட்டார் கற்றுத்தந்ததன்று. ஏடு எழுதியவனுக்கு அது அன்றாடத் தேவையாக இருந்தது. பனையோலை பச்சையாய் வந்து, பதப்பட்டு, நறுக்கப்பட்டு, வாரப்பட்டுத்தான் ஏடாகும். கத்தி இல்லாதவன் எழுதவும் முடியாது. தாமோதரம்பிள்ளை அவர்களும் ஐயரவர்களும் ஊரூராய்த் தேடி எடுத்த ஏடுகளின் விளிம்புகள் ஒவ்வொன்றும் யாரோ பெயர் தெரியாத ஒருவரின் சிறு கத்தி பட்ட விளிம்புகள்தாம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு எரிந்துபோன சுவடிகளும் அப்படிப்பட்டவையே.

ஆங்கிலத்திலும் கதை ஏறக்குறைய இதேதான். நாம் பேனாக்கத்தி என்று சொல்கிறோமே, பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் யோசிப்பதில்லை. பறவை இறகைச் சீவி முனை செய்து மையில் தோய்த்து எழுதிய காலத்தில், எழுதுகிறவர் மேசையில் இறகு சீவும் ஒரு சிறு கத்தியும் கிடக்கும். முனை மழுங்க மழுங்கச் சீவவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேமிங்ஹாம் நகரத்து ஆலைகள் உருக்கு முனைகளை மலிவாகச் செய்து குவித்தபின் இறகுப் பேனா மறைந்தது. கத்திக்கு வைத்த பெயர் மட்டும் மறையவில்லை. ஆக, தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தச் சிறு கத்தி எழுதுகிறவனின் கையில் வளர்ந்த பிள்ளை. இலக்கிய நேரத்தில் அதற்கு இடம் கேட்க எனக்கு இவ்வளவு போதும்.

நம்மூரில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு. வில்லுக்கத்தி. வில்லு என்றால் இங்கே அம்பெய்யும் வில்லன்று, வில்லுவண்டியிலும் வில்லுத்தராசிலும் உள்ள வில்லு. கத்தியின் முதுகுப்பக்கம் ஒரு நீண்ட உருக்குத் தகடு இருந்து அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தத்தினால்தான் அலகு திறந்தால் திறந்தபடியும் மூடினால் மூடியபடியும் நிற்கிறது. பொருள் இயங்கும் விதத்தையே பெயராக வைத்த நம் முன்னோரைப் பாராட்டத்தான் வேண்டும். மடக்குக்கத்தி என்ற பெயர் அது என்ன செய்கிறது என்று சொல்கிறது. வில்லுக்கத்தி என்ற பெயர் அதை எப்படிச் செய்கிறது என்றும் சொல்லிவிடுகிறது. கடையில் கத்தியைக் கையில் எடுக்கும்போது முதலில் பார்க்கவேண்டியதும் அந்த வில்லையே. அதற்குப் பிறகு வருகிறேன்.

மேனாட்டுக் கதை இலக்கியத்திலே சட்டைப்பைக் கத்திக்கு நல்ல இடம் உண்டு. 1719இல் வெளிவந்த டானியல் டீபோவின் ரொபின்சன் குரூசோ கப்பல் உடைந்து கரையொதுங்கியபோது அவனிடம் இருந்தவை ஒரு கத்தி, ஒரு புகைக்குழாய், கொஞ்சம் புகையிலை. கத்தியை முதலிலே எண்ணுகிறான் என்பதைக் கவனியுங்கள். மார்க் ட்வெயின் 1876இல் எழுதிய டொம் சோயர் கதையில், வேதவசனம் ஒப்புவித்ததற்குப் பரிசாக டொமுக்கு ஒரு பார்லோ கத்தி கிடைக்கிறது. விலை பன்னிரண்டரைச் சதம். பையன் ஆனந்தத்தில் குலுங்கிப் போகிறான். ஆனால் அந்தக் கத்தி எதையும் வெட்டாது. மேற்குப் பகுதிப் பையன்கள் இந்தக் கத்திக்கும் போலி உண்டென்று நம்புகிறார்களே, இதைவிடக் கெட்டதாக ஒரு போலியை எப்படிச் செய்வது என்று ஆசிரியர் குறும்பாக வியக்கிறார். மலிவுக் கத்தி வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போகவேண்டிய பக்கம் அது. பெயருக்காக வாங்குகிறோமா, வெட்டுவதற்காக வாங்குகிறோமா என்ற கேள்வி 1876இலேயே கேட்கப்பட்டாயிற்று.

இனி நம் காரியத்துக்கு வருவோம். ஏன் இதை இப்போது பேசவேண்டும்? நம் வீடுகளில் வில்லுக்கத்தி அற்றுப்போய்விட்டது என்பதுதான் காரணம். முன்னைய தலைமுறையில் ஆண்களின் மடியிலோ சட்டைப்பையிலோ ஒன்று இருக்கும். பெண்கள் பன்னவேலைக்குச் சத்தகம் வைத்திருந்தார்கள். போர்க்காலத்திலே மடியில் கத்தியோடு சோதனைச் சாவடியைக் கடக்க யாருக்குத் துணிவு வரும்? பென்சில் சீவுகிற கத்திதான் என்று யாரிடம் போய் விளக்குவது? வீட்டிலே வைத்துவிட்டுப் போனார்கள். பின்பு இடம்பெயர்ந்தபோது வீட்டோடு அதையும் விட்டுப்போனார்கள். 2009இல் போர் முடிந்தது. ஆனால் விட்டுப்போன பழக்கம் திரும்பவில்லை. இன்று பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மாங்காயை வெட்டித் தரவேண்டியிருக்கிறது. தபாலில் வந்த பொதியைப் பல்லாலே பிய்க்கிறார்கள். பென்சிலைத் திருகிச் சீவும் சிறு பெட்டிக்குள் முனை உடைந்து சிக்கிக்கொண்டால் வேலை நின்றுவிடுகிறது. கத்தி என்ற சொல்லே இப்போது பத்திரிகையின் குற்றச்செய்திப் பக்கத்துக்கு உரியதாகிவிட்டது. கருவியைக் கையாளத் தெரியாமல் ஒரு தலைமுறை வளர்வதும், அதே தலைமுறை கத்தியை ஆயுதமாக மட்டுமே அறிவதும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கங்கள் என்பது என் எண்ணம்.

ஒரு செயலில் இறங்குமுன் ஐயமற எண்ணிப் பார்க்கவேண்டியவை ஐந்து என்று வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்தார். கருவி அவற்றுள் ஒன்று. கருவியையும் வினையையும் அவர் சேர்த்தே எண்ணச் சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. என்ன வேலைக்கு என்று தெரியாமல் கருவி வாங்கக்கூடாது. நம்மில் பெரும்பாலோருக்குக் கத்தியின் வேலை என்ன? கயிறு அறுப்பது, பொதி திறப்பது, பழம் நறுக்குவது, பென்சில் சீவுவது, சாக்கின் தையலைப் பிரிப்பது, எப்போதாவது பூச்செடியிலே ஒரு கிளையை வெட்டுவது. இத்தனைக்கும் இரண்டரை அங்குல அலகு தாராளம். மூன்று அங்குலத்துக்கு மேலே போனால் அது சட்டைப்பைக்குச் சுமை. பார்க்கிறவர் கண்ணுக்கும் வேறுவிதமாகப் படும். தேங்காய் உடைக்கவும் வேலிக்கதிகால் தறிக்கவும் வேறு கத்திகள் இருக்கின்றன. அவற்றின் வேலையை வில்லுக்கத்தியிடம் கேட்டால் அச்சாணிதான் தளரும்.

அடுத்தது உலோகம். கறள் பிடிக்கும் உருக்கு, கறள் பிடிக்காத உருக்கு என்று இரண்டு வகை. முன்னதை நன்றாகத் தீட்டலாம், கூர் நுண்மையாக வரும். ஆனால் மாங்காய்ப் பாலும் தேசிக்காய்ப் புளியும் பட்டால் கறுத்துவிடும். துடைக்காமல் வைத்தால் மறுநாளே செந்நிறப் புள்ளிகள் தோன்றும். கடற்காற்று வீசும் நம் ஊர்களில், வேர்வை ஊறும் சட்டைப்பையில், கறள் பிடிக்காததே பொருத்தம் என்பேன். நாள்தோறும் துடைத்து எண்ணெய் பூசும் பொறுமை உள்ளவர்கள் மற்றதை வாங்கட்டும்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். காந்தம் ஒட்டினால் அது எவர்சில்வர் அன்று, போலி என்று சிலர் கடையிலே காந்தத்தோடு நிற்பார்கள். சாப்பாட்டுத் தட்டுக்கு அந்தச் சோதனை ஓரளவு பொருந்தலாம். கத்திக்குப் பொருந்தாது. தட்டுக்கும் குவளைக்கும் பயன்படும் வகையில் நிக்கல் கலந்திருப்பதால் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் அந்த வகையைச் சூடாக்கித் துவைச்சலிட்டுக் கடினமாக்க முடியாது, கூர் நிற்காது. கத்தி அலகுக்கு உரிய கறள் பிடிக்காத உருக்கு காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும். ஒட்டாத அலகைக் கண்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

துவைச்சல் என்றேன். பழுக்கக் காய்ச்சிய இரும்பை நீரிலோ எண்ணெயிலோ தோய்த்துப் பதமேற்றுவதைக் கம்மாலைகளில் அப்படிச் சொல்வார்கள். கத்தியின் உயிர் அதிலேதான் இருக்கிறது. நல்ல உருக்கும் துவைச்சல் தவறினால் வளையும், அல்லது கண்ணாடிபோல் உடையும். இந்தக் கலை இத்தீவுக்குப் புதியதன்று. சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளில், பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகப் பயன்படுத்தி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உருக்கு எடுத்திருக்கிறார்கள். அந்த உலைகளை அகழ்ந்து ஆராய்ந்த கில் ஜூலெஃப் அம்மையார், அதே மாதிரி உலை கட்டிக் காற்றிலே எரித்துக் காட்டி, 1996இல் 'நேச்சர்' என்ற ஆராய்ச்சி இதழில் அதை உலகுக்கு அறிவித்தார். அப்படிப்பட்ட தீவிலே இன்று ஒரு நல்ல பேனாக்கத்திக்கு வெளிநாட்டுப் பயணப்பெட்டியை எதிர்பார்த்து நிற்கிறோம். நம் கொல்லர்கள் பழைய லொறி வில்லுத் தகட்டிலே செய்யும் வெட்டுக்கத்திக்கு நிகரில்லை. ஆனால் மடக்குகிற சிறு கத்தி வேறு நுட்பம் கேட்பது, அதை அவர்களிடம் கேட்பாரும் குறைவு.

அலகிலே கறள் பிடிக்காது என்ற பொருளில் ஆங்கிலத்திலோ, 'இனொக்ஸ்' என்று பிரெஞ்சிலோ, 'ரொஸ்ட்பிரை' என்று ஜேர்மனிலோ பொறித்திருப்பதைக் கண்டதும் மயங்கிவிட வேண்டாம். கறளைப் பற்றித்தான் அந்தச் சொற்கள் பேசுகின்றன. கூர் எத்தனை நாள் நிற்கும் என்று அவை சொல்வதில்லை. அதிகக் கடினமும் எல்லாருக்கும் நன்மையன்று. மிகக் கடினமான அலகைத் தீட்ட விசேட கல்லும் பயிற்சியும் வேண்டும். நடுத்தரக் கடினமுள்ளதை வீட்டிலுள்ள சாணைக்கல்லிலோ, அவசரத்துக்குக் கோப்பையின் அடியிலுள்ள மெருகிடாத வளையத்திலோ ஐந்து நிமிடத்திற் கூராக்கிக்கொள்ளலாம். அன்றாடக் கத்தி அப்படித்தான் இருக்கவேண்டும்.

இப்போது வில்லுக்கு வருவோம். கடைக்காரர் கத்தியைத் தந்ததும் மெதுவாகத் திறந்து பாருங்கள். பாதி வழியில் அலகு தொளதொளவென்று ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நல்ல வில்லுக்கத்தி முழுதாகத் திறக்கும்போது டக்கென்று ஒலித்து நிற்கும், மூடும்போதும் அப்படியே. திறந்த அலகை விரல்களுக்கிடையே பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். அசைவு தெரிந்தால் அச்சாணி சரியாக இறுக்கப்படவில்லை. மூடிய கத்தியை வெளிச்சத்தில் மேலிருந்து பார்த்தால் அலகு இரு பக்கச் சுவரிலும் முட்டாமல் நடுவே கிடக்க வேண்டும். முட்டினால் ஒவ்வொரு முறை மூடும்போதும் கூர் மழுங்கும். கடைசியாக, பத்திரிகைத் தாள் ஒன்றைத் தொங்கவிட்டு விளிம்பிலே அலகை இழுங்கள். கிழியாமல் அறுபட்டால் போதும். புதுக்கத்தி சற்று மழுங்கியிருந்தாலும் பெரிய குற்றமில்லை, தீட்டிக்கொள்ளலாம். ஆடுகிற அச்சாணியைத் தீட்டமுடியாது.

வில்லு மட்டுமே உள்ள கத்தியை அழுத்திக் குத்தும் வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது. அலகு விரல்மேல் மடங்கிவிடும். இதற்காகப் பூட்டு வைத்த கத்திகள் உண்டு. பூட்டு இருக்கிறதென்றால் அது உண்மையிலே பூட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். விரல்களைப் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பிலே மெல்ல அழுத்திப் பாருங்கள். மலிவுக் கத்திகளிலே பூட்டுத்தகடு காகிதம்போல் மெலிந்திருக்கும். சிறு அழுத்தத்திற்கே நழுவும். பூட்டு இல்லை என்று தெரிந்தவன் கவனமாக இருப்பான். இருக்கிறதென்று நம்பி ஏமாறுகிறவன்தான் விரலைப் பறிகொடுப்பான்.

சந்தையிலுள்ள கத்திகளில் நேயர்கள் பலரும் கேள்விப்பட்டது சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையும் கொண்ட சுவிஸ் கத்தி. கார்ல் எல்செனர் என்பவர் 1884இல் சுவிற்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கினார். அந்நாட்டுப் படைவீரர்களுக்கான கத்தி அதுவரை ஜேர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்தது. நம்முடைய சிப்பாய்க்கு அயல்நாட்டுக் கத்தியா என்ற ரோசத்தில் அவர் 1891இல் தாமே செய்து கொடுக்கத் தொடங்கினார். அந்த முதற் கத்தியில் அலகு, ரின் வெட்டி, துளையிடும் ஊசி, துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி, இவ்வளவுதான். 1897இல் இன்னும் மெலிந்த, கருவி கூடிய கத்திக்குக் காப்புரிமை பெற்றார். 1909இல் இறந்த தாயாரின் பெயர் விக்டோரியா. அதையே தம் தொழிற்சாலைக்குச் சூட்டினார். 1921இல் கறள் பிடிக்காத உருக்கு வந்தபோது அதைக் குறிக்கும் 'இனொக்ஸ்' என்ற சொல்லைத் தாயின் பெயரோடு ஒட்டி விக்டோரினொக்ஸ் என்றாக்கினார்கள். தாயின் பெயரும் இரும்பின் பெயரும் புணர்ந்த இந்தத் தொகைச்சொல் தமிழாசிரியனான எனக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

இந்தக் கத்திக்கும் நமக்கும் ஒரு தனி உறவு ஏற்பட்டிருக்கிறது. 1980களிலிருந்து நம் மக்கள் ஆயிரக்கணக்கில் சுவிற்சர்லாந்தில் குடியேறினார்கள். விடுமுறைக்கு வரும் மாமா, சித்தப்பாமாரின் பெட்டியில் சொக்கிளேற்றோடு இந்தச் சிவப்புக் கத்தியும் வருகிறது. வந்ததும் என்ன ஆகிறது? கண்ணாடி அலுமாரியில் ஏறிவிடுகிறது! அப்படி உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் புதிதாக எதையும் வாங்கவேண்டாம், அதை எடுத்துப் பாவியுங்கள். அதன் உருக்கு நான் மேலே சொன்ன நடுத்தரக் கடினமுள்ளது, எளிதிலே தீட்டலாம். போலிகளும் ஏராளம். சிவப்பும் சிலுவையும் யாரும் பூசலாம். அலகின் அடிப்பாகத்திலே உற்பத்தியாளர் பெயர் பொறித்திருக்கிறதா, கருவிகளுக்கிடையே வெளிச்சம் தெரியாமல் நெருக்கமாகப் படிந்திருக்கின்றனவா என்று பார்த்தால் வேறுபாடு புலப்படும்.

மற்றது பிரான்சின் ஒப்பினெல். சவோய் மலைப்பகுதியைச் சேர்ந்த ஜோசப் ஒப்பினெல் 1890இல் அதை உருவாக்கினார். மரப்பிடி, ஓர் அலகு, ஓர் அச்சாணி. 1955 முதல் அலகைப் பூட்டுவதற்கு ஒரு உலோக வளையம். வில்லுக்கூட இல்லை. உழவனுக்காகச் செய்தது, உழவனின் விலையிலேயே இன்றும் கிடைப்பது. அளவுகளை இலக்கத்தால் குறிப்பார்கள். எட்டாம் இலக்கம் பெயர்பெற்றது, அதன் அலகு எட்டரைச் சென்ரிமீற்றர். நம் தேவைக்கு ஆறாம், ஏழாம் இலக்கங்களே போதும். ஒரு குறை சொல்லவேண்டும். மாரிகாலத்தில் மரப்பிடி ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும். அலகு திறக்க மறுக்கும். அச்சாணிப் பக்கத்து மரத்துக்கு அவ்வப்போது எண்ணெய் பூசினால் இந்தத் தொல்லை குறையும். எளிமைக்கு ஒரு பரிசு கொடுப்பதானால் இதற்கே கொடுப்பேன்.

இனி, குறடும் திருப்புளியும் அரமும் கத்தரிக்கோலும் ஒன்றாய் மடங்கும் பலகருவிகள். இங்கே மீண்டும் இலக்கியத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. 1851இல் வெளிவந்த ஹேர்மன் மெல்வில்லின் 'மொபி டிக்' நாவலிலே கப்பல் தச்சன் ஒருவன் வருகிறான். எல்லா வேலையும் தெரிந்தவன். ஆனால் தனக்கென்று ஒரு மனம் இல்லாதவன் போலத் தோன்றுகிறவன். அவனை மெல்வில் அக்காலத்து ஷெபீல்ட் நகரப் பலகருவிக் கத்திக்கு ஒப்பிடுகிறார். பார்வைக்குச் சற்றுப் பருத்த கத்தி. உள்ளே திருப்புளி, தக்கைத் திருகி, சாமணம், ஊசி, பேனா, அளவுகோல் என்று என்னென்னவோ. எசமானருக்கு எது வேண்டுமோ அந்தப் பகுதியைத் திறந்தால் போதும், வேலை நடக்கும். ஒரு மனிதனை அவன் பயன்களின் தொகுப்பாக மட்டும் காண்பதிலுள்ள பயங்கரத்தைக் கத்தியை வைத்தே சொல்லிவிட்டார்.

மனிதனுக்குக் குறையாவது கருவிக்கு நிறையாகலாம். ரிம் லெதர்மன் என்ற அமெரிக்கர் 1975இல் மனைவியோடு ஒரு பழைய பியற் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி பழுதாகும். தங்கும் விடுதிகளில் தண்ணீர்க் குழாய் ஒழுகும். கையிலிருந்த சாரணர் கத்தியிலே குறடு இல்லையே என்ற ஏக்கத்திலிருந்து பிறந்ததுதான் 1983இல் சந்தைக்கு வந்த அவருடைய மடக்குக் குறடு. மின்வேலை செய்பவர், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் தூர இடம் போகிறவர், கம்பிவேலியோடு மல்லுக்கட்டும் தோட்டக்காரர், இவர்களுக்கு அது வரம். ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் அது கால் கிலோவை நெருங்கும் சுமை. மலிவான பலகருவி வாங்கத்தான் வேண்டுமென்றால் குறட்டை மட்டும் பாருங்கள். வாயை மூடி வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் நுனியிரண்டும் நேராகப் பொருந்தவேண்டும்; தாள் ஒன்றைக் கவ்வினால் இழுத்தெடுக்க முடியாதிருக்கவேண்டும். பதினெட்டுக் கருவி, இருபத்தொரு கருவி என்று பெட்டியிலே அச்சிட்ட எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம். ஒரே தகட்டின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கருவி என்று எண்ணுவார்கள்!

விலையைச் சொல்லாமல் விடமுடியாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே 200 ரூபாவாக இருந்த டொலர் 350 ரூபாவுக்கு மேலே ஏறியது. அதன்பின் சற்று இறங்கினாலும் பழைய நிலைக்கு வரவில்லை. வெளிநாட்டிலே 15, 20 டொலர் என்பது அங்கு ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு. இங்கே சில ஆயிரம் ரூபா, அதற்குமேல் கடைக்காரரின் இலாபம். திருவிழாக் கடைகளில் சில நூறு ரூபாவுக்கு விற்பவற்றில் பெரும்பாலானவை முன்சொன்ன ஆட்டச் சோதனையிலேயே தோற்றுவிடும். சீனத்துப் பொருளென்றால் ஆகாது என்று தள்ளவும் கூடாது. குவாங்டொங் மாகாணத்து யாங்ஜியாங் நகரம் கத்தித் தொழிலுக்குப் பேர்போனது. நல்லதும் அங்கிருந்து வருகிறது, கெட்டதும் அங்கிருந்து வருகிறது. ஊர்ப்பெயரைக் கேளாமல் வில்லையும் அச்சாணியையும் பாருங்கள். ஐந்நூறு ரூபாக் கத்தியை ஆண்டுதோறும் வாங்குகிறவர் பத்தாண்டிலே ஒரு நல்ல கத்தியின் விலையைக் கொடுத்துவிடுகிறார். அந்தப் பத்தாண்டும் மழுங்கிய கத்தியோடு வாழ்ந்தும் விடுகிறார்.

பயணம் போகிறவர்களுக்கு ஒரு சொல். 2001 செப்டெம்பருக்குப் பின் விமானத்தின் கைப்பொதியில் கத்திக்குப் பெரும்பாலும் இடமில்லை. பெரிய பெட்டியிலே வைத்து அனுப்பிவிடுங்கள். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணமில்லாமல் பொது இடத்திலே வைத்திருக்கக்கூடிய மடக்குக்கத்தியின் கூர்விளிம்பு மூன்று அங்குலத்தைத் தாண்டக்கூடாது, பூட்டும் இருக்கக்கூடாது. பல நாடுகளிலும் கெடுபிடி கூடிவருவதைக் கண்டு, அலகே இல்லாத பலகருவியை உருவாக்குவதாக விக்டோரினொக்ஸ் நிறுவனமே 2024இல் அறிவித்தது. கத்தி இல்லாத கத்தி! இதற்குப் பெயர் வைக்கும் பொறுப்பை இலக்கணகாரரிடம் விட்டுவிடுகிறேன். நம் நாட்டிலும் பாடசாலைக்கோ ஆலயக் கூட்டத்துக்கோ மடியில் கத்தியோடு போவது வீண் தொல்லை. அதன் இடம் வீடும் தோட்டமும் தொழிற்களமும்.

வாங்கிய கத்தியை என்ன செய்வது? ஔவையார் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற கதையை அறிவீர்கள். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமைப்பட்டான். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அங்கே பிறந்தது. இவையெல்லாம் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. புகழ்வதுபோல் இகழ்ந்த பாட்டு. போரை விட்டுவிட்டு அதைக் கருவிக்குப் பொருத்திப் பாருங்கள். அலுமாரியிலே மினுங்கும் சிவிலைவிட, தீட்டித் தீட்டி அலகு மெலிந்த பழைய வில்லுக்கத்தி மதிப்புள்ளது. வாரத்துக்கு ஒருமுறை, கல்லோடு ஏறத்தாழ இருபது பாகைச் சாய்வில், இரு பக்கமும் சமமாகத் தீட்டினால் போதும். அச்சாணியில் சேரும் பஞ்சையும் பழச்சாற்றையும் இளஞ்சூட்டு நீரில் கழுவி, நன்கு உலர்த்தி, ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் விட்டால் நாளடைவில் பசைபோலாகி அச்சை இறுக்கிவிடும். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். அதற்கு அதிக அழுத்தம் வேண்டும், அழுத்தம் கூடினால் வழுக்கும்.

பிள்ளைகளுக்கு எந்த வயதிலே கொடுக்கலாம் என்று பெற்றோர் கேட்பதுண்டு. வயதைவிட அருகிலிருந்து பழக்குகிறவர் உண்டா என்பதே முக்கியம். முதலிலே பூட்டில்லாத சிறு கத்தி, முனை உருண்டது, பென்சிலும் முருங்கைக் குச்சியும் சீவ. உடலைவிட்டு வெளிநோக்கிச் சீவவேண்டும். வேறொருவரிடம் நீட்டும்போது மடக்கி நீட்டவேண்டும். நடக்கும்போது திறந்து பிடிக்கக்கூடாது. இந்த மூன்றும் கைக்குப் பழகும்வரை கூடவே இருங்கள். ஆண்பிள்ளைக்குத்தான் என்ற எண்ணமும் வேண்டாம். சத்தகம் பிடித்த கைகள் யாருடையவை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும், கீழே வைத்து எடுக்கச் சொல்லவேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஐரோப்பியரிடமும் கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுந்துவிடும் என்ற பயம் உண்டு. அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம், வாங்குகிறவர் ஒரு சில்லறைக் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. அப்போது அது பரிசன்று, விற்பனை. வருகிற பிறந்தநாளுக்கு உங்கள் மகளுக்கோ மகனுக்கோ ஒரு நல்ல வில்லுக்கத்தி கொடுப்பதானால், மேசையில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரு ரூபாக் குற்றியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.